ஒன்பது கோப்பைகளின் பொறுப்பாளர்

எனக்குக் கோபம் வரும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஏறாவூரில் ஓர் உப தபாலகத்தின் கவுண்டருக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். முத்திரையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டு வருகிறவனையும், படிவத்தில் தன் சொந்தப் பெயரையே பிழையாக எழுதுகிறவளையும் அத்தனை வருடம் சகித்தால் எந்த மனிசிக்கும் கோபம் வரும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் இருந்தேன். அப்போதுதான் நீதிமன்றம் என்னை என் தம்பி அஸ்கருக்குப் பொறுப்பாளராக நியமித்தது.

அஸ்கருக்கு நாற்பத்தொரு வயது. தாடி நரைக்கத் தொடங்கிவிட்டது. அறிவு ஆறு வயதில் நின்றுவிட்டது. எண்ணத் தெரியாது, மணி பார்க்கத் தெரியாது, பொய் சொல்லத் தெரியாது. தேத்தண்ணி போடத் தெரியும். உம்மா மூன்று வருடம் மல்லுக்கட்டி அவனுக்கு அந்த ஒன்றைப் படிப்பித்திருந்தார்.

தினமும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கேத்திலை அடுப்பில் வைப்பான். ஓர் அலுமினியத் தட்டு, அதில் ஒன்பது கோப்பைகள். தேயிலைச் சாயம் ஊற்றி, கை பழகிய அளவுக்குச் சீனி போட்டு, ஒன்பதையும் நிரப்பிவிட்டு வளவின் வாசல் கடப்படியில் போய் நிற்பான். வீதியில் போகிற எவரானாலும் சரி, "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவான். ஆண்கள் மாமரத்தடி வாங்கில் இருப்பார்கள். பெண்கள் குசினிப் பக்கம் போய் இருப்பார்கள். மீன் விற்று முடித்துச் சைக்கிளில் திரும்புகிற அம்ஜத் நாள் தவறாமல் வருவான். பக்கத்து வீட்டு றஸீனா வருவாள். மற்றவர்கள் மாறி மாறி வருவார்கள்.

ஒன்பது என்பது அவனுக்குத் தெரியாத கணக்கு. ஆனால் தட்டில் நிறைந்த கோப்பை ஒன்று இருக்கும்வரை அவனுக்கு அன்றைய நாள் முடியாது. எல்லாம் வெறுமையானதும் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போய்க் குளித்து, மஃரிப் தொழுகைக்குச் சட்டை மாற்றுவான். அவனுக்கு வேலை இல்லை, பெண்சாதி இல்லை, கூட்டாளி என்று தனியாக ஒருவரும் இல்லை. இந்த உலகத்தில் அவனுக்கு இருந்தது ஒரு நாளைக்கு ஒன்பது மனிதர்.

போன வருடம் உம்மா மௌத்தானார். வாப்பா எப்போதோ போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: மூத்தவர் சரீப் காக்கா, நடுவில் நான், கடைசி அஸ்கர். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது, பெண்சாதிதான் உண்டு. கலியாணம் முடித்தால் அவள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். காக்கா முப்பது வருடத்துக்கு முன் அப்படிப் போனவர். முன்வீடு என் சீதனம். உம்மா அதே வளவில் பின்பக்கம் தனக்கென்று ஒரு சிறுவீடு கட்டிக்கொண்டு அஸ்கரோடு இருந்தார். அவனை மருமகனாக எடுக்க எவரும் வராததால் அவன் மட்டும் எங்கும் போகவில்லை.

மார்க்கச் சட்டப்படி பின்வீடும், பதினேழு தென்னையும், வாவிக்கு மேற்கே வட்டையில் ஓர் ஏக்கர் வயலும் ஐந்து பங்காயின. ஆண்களுக்கு இரண்டிரண்டு, எனக்கு ஒன்று. தன் இரண்டையும் தம்பிக்கே கொடுத்துவிடுவதாகக் காக்கா சொன்னார். ஒருவரும் கேட்காமல் தானாகச் சொன்னார். இந்த விஷயத்தில் காக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற விஷயங்களில் சொல்வேன். நானும் என் ஒன்றை விட்டுக்கொடுத்தேன். எல்லாம் அஸ்கருக்கானது.

சொத்து வந்தால் அதைப் பார்க்க ஆள் வேண்டும். காக்கா நெஞ்சை நிமிர்த்தினார். "இதில என்ன பேச்சு? வாப்பா இல்லாட்டி மூத்த காக்காதான் வலி, பொறுப்புக்காரன். நான் பாக்கிறன்."

எங்கள் பள்ளி ரிஸ்கான் மௌலவி இளவயதுக்காரர். பயந்த சுபாவம், ஆனால் கிதாபில் உள்ளதை மறைக்க மாட்டார். "நீங்க நிக்காஹ்வுக்குத்தான் வலி காக்கா" என்றார். "சொத்துக்கு வாப்பா, இல்லாட்டி வாப்பாட வாப்பா. அவங்க ஆரையும் நியமிச்சு வைக்கல்லெண்டா நீதிபதிதான்."

"அப்ப என்ட தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்து நிக்காஹ் முடிச்சுக் குடுக்கலாம், தம்பிட வளவில ஒரு தேங்காய் பறிக்க ஏலாதா?"

"ஏலா."

காக்கா என்னைப் பார்த்தார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, மாப்பிள்ளை கத்தாரில் லொறி ஓட்டுகிறார். எனக்கு நிக்காஹ் முடித்து வைக்கும் அதிகாரத்தால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆக, மட்டக்களப்புக்குப் போனோம். சட்டத்தரணி கேதீஸ்வரி என்ற பிள்ளை எங்களுக்காகப் பேசினாள். டொக்டர் துண்டு, கிராம சேவகர் கடிதம், உம்மாவின் மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் நான் ஒழுங்காகக் கோவையில் குத்தி, ஓரத்தில் இலக்கமிட்டுக் கொடுத்தேன். காக்கா தன் அடையாள அட்டையையே வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். நீதிபதி கோவையைப் பார்த்தார், காக்காவைப் பார்த்தார், என்னை நியமித்தார். ஆம்பிளைக்கு ஒரு பொம்பிளை பொறுப்பா என்று ஊரில் இரண்டு நாள் கதைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கட்டளையில் அஸ்கரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று எழுதியிருந்தது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஆனால் முத்திரை சரியான இடத்தில் குத்தியிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வரும்போது கேதீஸ்வரி சொன்னாள்: "அக்கா, வருசம் ஒருக்கா அறிக்கை குடுக்கோணும். இனி அவர்ர சொத்தில ஒரு தேங்காயும் சும்மா போகக்கூடாது. எல்லாம் அவர்ர நன்மைக்கு மட்டும்தான்."

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அஸ்கரின் தேத்தண்ணி. உம்மா ஹயாத்தாக இருந்தவரை அது உம்மாவின் சீனி, உம்மாவின் சாயம், உம்மாவின் சதக்கா, அவர் செய்த தருமம். ஊரே குடித்தாலும் நன்மை உம்மாவுக்கு. உம்மா கண்ணை மூடிய நிமிடத்திலிருந்து அதே கேத்தில், அதே கோப்பை, ஆனால் தேத்தண்ணி மட்டும் அறிவு வளராத ஒருவனின் சொத்து. அநாதையின் சொத்தைத் தின்பவன் வயிற்றுக்குள் நெருப்பைத் தின்கிறான் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நான்கு மாதமாக ஊர் நெருப்பைக் குடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குச் சீனியும் போட்டு.

நேராக மௌலவியிடம் போனேன். அநாதைப் பிள்ளைக்குள்ள சட்டம் இவனுக்கும் பொருந்துமா என்று கேட்டேன். கிதாபைப் பார்த்துவிட்டு, பொருந்தும் என்றார். அவனே விரும்பிக் கொடுத்தால்? அவன் கொடுப்பது செல்லாது. பொறுப்பாளர் நான் அனுமதித்தால்? உங்கள் சொத்து இல்லையே ராத்தா, நீங்கள் எப்படித் தானம் செய்வது என்றார். நான் குடிக்கலாமா? பொறுப்பாளர் ஏழையாக இருந்தால் அளவோடு சாப்பிடலாம், வசதி உள்ளவர் தவிர்ந்துகொள்ள வேண்டும் என்றார். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. ஆகவே எனக்கும் இல்லை.

நேர்மையான மனிதர், தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அந்த வெள்ளி ஜும்மாவில் அதையே பிரசங்கம் செய்துவிட்டார். பெயர் சொல்லவில்லை. "நமது ஊரில் ஒரு வளவில் பின்னேரங்களில் அருந்தப்படுகிற பானம்" என்றார். ஒலிபெருக்கியில் நான் வீட்டிலிருந்தே கேட்டேன்.

சனிக்கிழமை விடியவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பை. சீனி ஒரு கிலோ, அரைக் கிலோ, தேயிலைப் பைக்கற்று. ஒருவர் டின்பால் கொண்டுவந்தார், அஸ்கரின் தேத்தண்ணியில் பாலே கிடையாது. நீரிழிவுக்காரர் ஒருவர் தான் எப்போதும் சீனியில்லாமல் குடித்தவர் என்று சாட்சியோடு வந்து தேயிலை மட்டும் தந்தார். அம்ஜத் மூன்று கிலோ சீனியைச் சைக்கிள் கரியலில் கட்டிக்கொண்டு வந்தான். எல்லாரும் முதலில் அஸ்கரிடம் போய், "தம்பி, ஹலாலாக்கித் தாங்க, மன்னிச்சிருங்க" என்றார்கள். அவன் ஒவ்வொருவரிடமும், "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றான். கேட்டவர்கள் பாம்பை மிதித்தவர்கள் மாதிரி ஓடினார்கள்.

அவன் மன்னிப்பும் செல்லாது என்று நான்தான் அவர்களுக்கு விளக்கினேன். சாமானைப் பொறுப்பெடுத்து, திகதியிட்டு, ஆளுக்கொரு பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் இருபத்தேழு கிலோ சீனி சேர்ந்தது. எறும்பு வராமல் இருக்கத் தகர வாளிகளில் போட்டு மூடினேன். பிறகு கடப்படியில் ஒரு பலகை அடித்தேன்: இது நீதிமன்றப் பொறுப்பில் உள்ள ஒருவரின் சொத்து. உண்ணுதலும் பருகுதலும் கூடாது. எழுத்து நல்ல வடிவாக வந்திருந்தது. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பின்னேரம் அஸ்கர் ஒன்பது கோப்பைகளையும் நிரப்பிவிட்டுக் கடப்படிக்குப் போனான். முன்வீட்டு ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, மடியில் கணக்கு எழுதுகிற கொப்பியை வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீதியில் வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், மற்றப் பக்கத்துக்கு மாறிப் போனார்கள். அம்ஜத் சைக்கிளை வேகமாக மிதித்தான். அஸ்கர் சிரித்தபடியே கூப்பிட்டுக்கொண்டு நின்றான். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது, தொழுகை முடிந்தது, அவன் அசையவில்லை. தட்டில் ஒன்பதும் நிறைந்திருந்தன. அவனுக்கு நாள் முடியவில்லை.

கையைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே கொண்டுபோனேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கோப்பைகளை நானே வாழைப் பாத்தியில் ஊற்றிவிட்டு, "இந்தா பாரு, எல்லாம் முடிஞ்சிட்டு" என்றேன். அவன் நனைந்த மண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவனுக்குப் பொய் தெரியாது என்று நினைத்தது என் பிழை. திரும்பவும் உள்ளே போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தான்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவன் அடுப்பங்கரைக்குப் போகவில்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சோறு வைத்தால் இரண்டு வாய். குளிக்கச் சொன்னால் கேளாதவன் மாதிரிக் கிடப்பான். மாதக் கடைசியில் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். ஐந்து கிலோ குறைந்திருந்தான். "வீட்டில ஏதும் மாற்றமா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒண்டும் இல்ல டொக்டர். எல்லாம் ஒழுங்கா இரிக்கி" என்றேன்.

கிளினிக்கிலிருந்து வரும் வழியில் ஓட்டோவுக்குள் அஸ்கர் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். எலும்பு குத்தியது. ஒரு தேங்காய் குறையாமல் பார்த்தேன். ஆள் குறைந்துகொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகாமல் ஓட்டோவைப் பள்ளிக்கு விடச் சொன்னேன். மௌலவி வாசலில் நின்றார்.

"மௌலவி, இவன்ட சீனி இருபத்தேழு கிலோவும் பத்திரமா இரிக்கி. இவன்தான் கரையிறான். இதுக்குக் கிதாபில என்ன இரிக்கி?"

அவர் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "ராத்தா, நபியவங்கட தோழர்கள், சஹாபாக்கள்ற காலத்திலயும் இப்பிடித்தான் நடந்த" என்றார். "நெருப்பு எண்டதும் பயந்து, அநாதைப் பிள்ளைகள்ற உலைய வேற, தங்கட உலைய வேற எண்டு பிரிச்சி வெச்சாங்க. பிள்ளைகள் மிச்சம் வெச்ச சோறு கெட்டுப் போகும், ஒருத்தரும் தொட மாட்டாங்க. மறுகாதான், பிள்ளைக்கு நல்லதெண்டா சேர்ந்து இருக்கலாம், அவங்க உங்கட சகோதரங்கள்தான் எண்டு குர்ஆன்ல வந்த. கெடுக்க வாறவன் ஆரு, சீராக்க வாறவன் ஆரு எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"இத ஏன் அண்டைக்கு ஜும்மாவில சொல்லல்ல?"

"நேரம் முடிஞ்சிட்டு ராத்தா."

தபாலகத்தில் என்றால் அந்த இடத்திலேயே ஜன்னலைச் சாத்தியிருப்பேன். பள்ளிவாசல் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்த மனிதர் சொன்னபடி செய்தார். அடுத்த வெள்ளி, விட்டதைச் சேர்த்து முழுதாகப் பிரசங்கம் செய்தார். அன்று பின்னேரமே முதல் ஆளாகக் கடப்படிக்கு வந்து நின்று, "அஸ்கர் காக்கா, தேத்தண்ணி இரிக்கா?" என்று கேட்டார். இவ்வளவு நாளும் பாயிலிருந்து எழும்பாமல் கிடந்த அஸ்கர், அன்று ஓடி வந்து கேத்திலை அடுப்பில் வைத்தான்.

கேதீஸ்வரியிடமும் கேட்டேன். "மனிசர் வந்து போறதுதான் அவர்ர நன்மை எண்டு டொக்டரிட்ட ஒரு கடிதம் எடுங்க அக்கா, நான் கோட்டில போடுறன்" என்றாள். எடுத்தேன், போட்டாள், அனுமதி வந்தது. நாளொன்றுக்கு ஒன்பது கோப்பைத் தேநீர், பராமரிப்புச் செலவில் அடங்கும். பலகையைக் கழற்றி விறகோடு போட்டேன். மார்க்கம் சரி, சட்டம் சரி, டொக்டர் சரி. இனி என்ன?

மௌலவி வந்த நாளில் எட்டுக் கோப்பை மிச்சம். அடுத்த நாள் ஒன்பதும் மிச்சம். அஸ்கர் திரும்பவும் கடப்படியில் இருட்டும்வரை நின்றான். ஆட்கள் திரும்பவும் மற்றப் பக்கத்தால் போனார்கள். ஜன்னலோரம் கதிரையில் இருந்தபடி எனக்கு இரத்தம் கொதித்தது. ஒருவர் இரண்டு பேரானாலும் வந்தால் அவன் முகம் மலருமே! இந்தச் சனத்துக்கு இருபது வருடம் ஊற்றிக் கொடுத்தவன் அல்லவா? ஆறாம் நாள் பொறுக்கமாட்டாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

றஸீனா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, மௌலவி சொன்னது கேக்கல்லியா? கோட்டும் சொல்லிட்டு. இன்னும் என்ன வேணும்? வானத்தில இரிந்து மலக்குமார் இறங்கி வந்து கடிதம் தரோணுமா? இருவது வருசம் வெக்கமில்லாமக் குடிச்ச வாய்தானே?"

றஸீனா சட்டியை வைத்தாள். அவள் எனக்கு எதிர்த்துப் பேசி நான் கண்டதில்லை. அன்று பேசினாள்.

"கோவிக்காதீங்க ராத்தா. நெருப்புப் பயம் எங்களுக்குப் போய்ட்டு. உங்கட பயம்தான் போகல்ல."

"என்னடி என்ட பயம்?"

"ஜன்னலுக்குள்ள கொப்பியோட இரிக்கீங்க. ஆரு வாறா, ஆரு போறா எண்டு பாக்கீங்க. முந்தியும் நீங்க வீட்ட இரிந்தா நாங்க கெதியாக் குடிச்சிட்டு ஓடிருவம். அப்ப நீங்க வேலைக்குப் போய் அஞ்சரைக்குத்தானே வாற. பென்சன் எடுத்த பிறகு உம்மா இரிந்த, அதால வந்தம். இப்ப நீங்க மட்டும்தான் இரிக்கீங்க. அம்ஜத் சொல்றான், தேத்தண்ணி தொண்டையால இறங்குதில்லையாம், கவுண்டருக்கு முன்னால நிக்கிற மாதிரி இரிக்காம்."

"எல்லாருமா அப்பிடிச் சொல்றாங்க?"

றஸீனா மீனைப் பார்த்தாள். "சீட்டு எழுதித் தந்தீங்களே ராத்தா" என்றாள். "நாங்க அவன்ட சொந்தக்காரர் மாதிரித்தானே வந்து போன. எங்களுக்குப் போய்ச் சீட்டு."

வீட்டுக்கு வந்தேன். கதிரை ஜன்னலோரமே இருந்தது. அதில் இருந்து பார்த்தேன். கடப்படி, மாமரத்தடி வாங்கு, குசினி வாசல் எல்லாம் அங்கிருந்து துப்புரவாகத் தெரிந்தன. அங்கிருப்பவர்களுக்கும் நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன். வெட்கமாக இருந்தது. தம்பியை ஊரிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று இருந்தேன். ஊர் அவனை ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன்.

அடுத்த நாள் அஸர் தொழுததும் கதிரையை உள்ளே போட்டு, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். வீதியில் எல்லாரும் பார்க்கத்தக்கதாக, சத்தமாக, "நான் ஆத்தங்கரைக்குப் போறன், மஃரிபுக்குத்தான் வருவன்" என்று அஸ்கரிடம் சொன்னேன். அவனிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. றஸீனாவின் வேலிக்குக் கேட்டால் போதும்.

எங்களுக்கு ஆறு என்றால் வாவிதான். அதன் கரையில் இரண்டரை மணித்தியாலம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தோணியில் ஒருவன் வலையை இழுக்கிற விதம் பிழையாக இருந்தது, சொல்லவில்லை. மஃரிபுக்கு வந்து பார்த்தேன். நான்கு கோப்பை வெறுமை. மறுநாள் ஆறு. அந்தக் கிழமை முடிவில் நான் வரும்போது தட்டுக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, அஸ்கர் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டு நின்றான். அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். நான் அடுப்பங்கரைக்குள் போய் நின்று அழுதேன். சந்தோசத்தில்தான். முழுக்கச் சந்தோசம் என்றும் சொல்ல ஏலாது.

எட்டு மாதம் இப்படியே போனது. மாரி மழைக்குக் குடையோடு போய் இருந்தேன். காய்ச்சல் வந்த நாளில் காக்காவின் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அஸ்கருக்குப் பழைய உடம்பு வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை வருட அறிக்கை கொடுக்க மட்டக்களப்புக்குப் போனேன். கேதீஸ்வரி ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தாள். பொறுப்பில் உள்ளவரின் நலனுக்காகப் பொறுப்பாளர் செய்தவை என்று ஒரு பகுதி இருந்தது. அதில் நான் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன்: தினமும் அஸர் முதல் மஃரிப் வரை வீட்டில் இருப்பதில்லை.

"அக்கா, இத எப்பிடி நான் நீதிபதியிட்ட குடுக்கிற?" என்றாள்.

"அப்பிடியே குடுங்க. வேற ஒண்டும் நான் செய்யல்ல."

அவள் சிரிக்கவில்லை. கொடுத்தாள். நீதிபதி அதை வாசித்துவிட்டு, அஸ்கரின் நிறை கூடியிருக்கும் டொக்டர் துண்டையும் பார்த்துவிட்டு, கையெழுத்து வைத்தார்.

வேலை கெதியாக முடிந்துவிட்டது. பஸ்ஸும் உடனே கிடைத்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டிலில் சாய்ந்தால் போதும் என்ற நினைப்போடு, என்ன நேரம் என்று பாராமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். கடப்படிக்குள் கால் வைத்த பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமரத்தடி நிறைய ஆட்கள். அம்ஜத் எழும்பி நின்று எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். குசினி வாசலில் றஸீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நடுவில் அஸ்கர். என்ன பகிடி என்று அவனுக்கு விளங்கியிருக்காது, ஆனால் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை இவ்வளவு கிட்ட நின்று நான் கேட்டதேயில்லை.

அம்ஜத் என்னைக் கண்டான். சத்தம் நின்றது. றஸீனா முந்தானையைச் சரிசெய்தாள். "வந்திட்டீங்களா ராத்தா" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டபடி எழும்பினார். அம்ஜத் பாதி குடித்த கோப்பையைத் தட்டில் வைத்தான். மற்றவர்களும் ஒவ்வொன்றாக வைத்தார்கள்.

நான்தான் சொல்ல வேண்டும். "இருங்க, இருங்க, குடிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தபாலகத்துக் குரல்தான் வந்தது. "என்ன, எல்லாரும் எழும்பிட்டீங்க?" என்று வந்தது. இன்னும் எழும்பாமல் இருந்த ஒருவரும் எழும்பிவிட்டார்.

அஸ்கர் தட்டைப் பார்த்தான். அரைவாசி, கால்வாசி, முக்கால்வாசி என்று ஒன்பது கோப்பைகள். பிறகு என்னைப் பார்த்தான். கோபமில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவரிடம் கேட்பது மாதிரி, என் மீது உள்ள அக்கறையில்தான் கேட்டான்.

"ராத்தா, நீங்க இண்டைக்குப் போகல்லியா?"

வயிறு எரிந்தது. என் சீதன வளவு, என் தம்பி, நீதிமன்றம் கையெழுத்து வைத்த பொறுப்பாளர் நான். ஒன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போறன்டா" என்றேன். "இந்தா, போய்க்கிட்டுத்தானே இரிக்கன்."

கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீங்கிய காலோடு திரும்பி நடந்தேன். முடக்கில் திரும்புவதற்கு முன்னமே பின்னால் அஸ்கர் சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள்.